சிரிக்க வைத்த சந்திரபாபுவுக்குத் திறக்காத கதவு... நமக்குத் திறந்தே இருக்கு!

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு வரும் ஊர்வலத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. மேளம், வெடி, ரோடு முழுக்கப் பூ, முன்னாடி ஆடிக்கிட்டே வர்ற பசங்க. துக்கத்தைக்கூட ஆட்டமாகவும் கானாவாகவும் மாற்றத் தெரிந்த ஏரியா இது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 1939-ல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமானது இதே மண்ணில்தான்.

சில ஊர்வலங்களில் மட்டும் மனசு கனத்துவிடும். முன்னால் ஆடும் பையன்களுக்கும் பூவுக்கடியில் படுத்திருப்பவருக்கும் ஒரே வயசு இருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் சொல்பவரின் குரல் இறங்கிவிடும். குடி என்பார்கள். மாத்திரை என்பார்கள். நல்ல பையன்தான் என்று சேர்த்துச் சொல்வார்கள்.

இந்த ஏரியாவின் பேச்சை வெள்ளித்திரைக்குக் கொண்டுபோய், தமிழ்நாட்டையே கைதட்ட வைத்த ஒரு கலைஞரைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். நல்ல மனுஷன்தான், ஆனா... என்று. உங்கள் ரீல்ஸில் இன்றைக்கும் கறுப்பு வெள்ளையில் வளைந்து நெளிந்து ஆடுகிறாரே, அவர்தான். ஜே.பி.சந்திரபாபு. இறந்தபோது அவருக்கு வயது 46.

பனிமய மாதா ஊர்ப் பிள்ளை

1927 ஆகஸ்ட் மாதம் தூத்துக்குடியில் பிறந்தவர். ஊரே கொண்டாடும் பனிமய மாதா கோயிலின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். ஜோசப் பனிமயதாஸ் என்பதுதான் இயற்பெயர். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். வெள்ளைக்காரர்களின் கோபத்துக்கு ஆளானதில் குடும்பம் கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. சிறுவனின் படிப்பும் அங்கேதான். மேற்கத்திய இசையும் நடனமும் அவருக்குள் புகுந்த காலம் அது.

1940-களின் தொடக்கத்தில் குடும்பம் சென்னைக்கு வந்தது. பையனின் தலைக்குள் சினிமா மட்டும்தான். 1947-ல் வந்த 'தன அமராவதி' முதல் படம். ஆனால், ஒரு படத்தில் முகம் தெரிந்துவிட்டால் வாழ்க்கை மாறிவிடுமா என்ன? அடுத்த சில வருஷங்கள் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினார். வாடகை பாக்கி, சாப்பாட்டுக்குக் கஷ்டம். இன்றைக்கு ஆடிஷனுக்கும் இன்டர்வியூவுக்கும் அலைகிற எல்லோருக்கும் தெரிந்த அலைச்சல்தான்.

ஜெமினி வாசல்

1952. ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ்.வாசனை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று காத்துக்கிடந்தார். முடியவில்லை. மனம் உடைந்த நிலையில், அந்த வளாகத்துக்குள்ளேயே உயிரை விட முயன்றார். ஓடி வந்து காப்பாற்றியவர்கள் அங்கிருந்தவர்கள்தான்.

பிழைத்து எழுந்தவரைப் போலீஸ் வழக்குதான் வரவேற்றது. தற்கொலை முயற்சி அன்றைய சட்டப்படி குற்றம். நீதிமன்றம் அவரிடம் கருணை காட்டியது. வாசனும் தன் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வாய்ப்புக் கொடுத்தார்.

கேட்கும்போது சினிமா கதை மாதிரி சுபமாக முடிகிறது, இல்லையா? ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த இளைஞனுக்கு வழக்கு கிடைத்தது, வேலை கிடைத்தது, பரிதாபம் கிடைத்தது. உள்ளே என்ன உடைந்தது என்று உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆள் கிடைக்கவில்லை. மனநல ஆலோசனை என்பதே சாமானியருக்குத் தெரியாத காலம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், இப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சந்திரபாபுவுக்கு அந்தச் சட்டம் 65 வருஷம் லேட்.

ரிக்‌ஷாக்காரர் பேசிய மெட்ராஸ் பாஷை

அப்புறம் நடந்தது ஒரு வெறித்தனமான ஓட்டம். 'குலேபகாவலி', 'புதையல்', 'மணமகன் தேவை', 'நாடோடி மன்னன்', 'மரகதம்', 'அன்னை' என வரிசையாகப் படங்கள். காமெடியன் என்று ஒரு வார்த்தையில் அவரை அடக்க முடியாது. சொந்தக் குரலில் பாடினார். தொண்டையைச் சுழற்றி மேலேயும் கீழேயும் தாவும் யோடலிங் பாணியைத் தமிழ்ப் பாட்டில் சர்வசாதாரணமாகப் புகுத்தினார். எலும்பே இல்லாத மாதிரி ஆடினார்.

1958-ல் பி.ஆர்.பந்துலு இயக்கிய 'சபாஷ் மீனா' வந்தது. சிவாஜி கணேசன் ஒரு பக்கம், இரட்டை வேடத்தில் சந்திரபாபு மறுபக்கம். அதில் ஒருவர் மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரர். துறைமுகத்திலும், வண்ணாரப்பேட்டையிலும், மூலக்கொத்தளத்திலும் புழங்கிய பேச்சு. படித்தவர்கள் மூக்கைச் சுளித்த அந்தப் பேச்சை அவர் கேலிப்பொருளாக்காமல் ரசிக்கும்படி பேசினார். லூஸ் மோகன் தொடங்கி 'வடசென்னை' காலம் வரை நீங்கள் திரையில் கேட்ட மெட்ராஸ் பாஷைக்கு அது ஒரு முக்கியமான முன்னோடி.

கவலை இல்லாத மனிதனா?

அதே 1958-ல் திருமணம். அந்த வாழ்க்கை கொஞ்ச காலம்கூட நீடிக்கவில்லை. மனைவிக்கு ஏற்கெனவே வேறொருவர் மீது விருப்பம் இருந்தது தெரிந்ததும், சண்டை போடாமல் அவரை அவர் வழியில் அனுப்பிவைத்தார் சந்திரபாபு. பெருந்தன்மைதான். ஆனால், பெருந்தன்மைக்கும் வலிக்கும்!

அந்த வலியை அவர் கரைக்கத் தேடிய இடம் குடி. 1960-ல் கண்ணதாசன் தயாரித்த படத்தில் அவர்தான் கதாநாயகன். படத்தின் பெயரைக் கேளுங்கள்: 'கவலை இல்லாத மனிதன்'. படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராத ஹீரோவால் தான் பட்ட பாட்டைக் கண்ணதாசன் பின்னாளில் எழுதியே வைத்தார்.

நேரத்துக்கு வராதது, வாக்குக் கொடுத்துவிட்டு மறப்பது, திடீரென்று கோபம், நெருங்கியவர்களிடமே சண்டை. அன்றைக்கு இதற்கெல்லாம் திமிர் என்று ஒரே பெயர். இன்றைக்கு ஒரு மனநல மருத்துவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினால், குடி எவ்வளவு, எவ்வளவு நாளாக என்றுதான் முதலில் கேட்பார். நம் வீட்டிலும் ஒரு திமிர் பிடித்தவர் இருந்தால், ஒரு நிமிஷம் இதை யோசிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. 1948 முதல் 1971 வரை சென்னையில் மதுவிலக்கு. பெர்மிட் இல்லாமல் குடிப்பது குற்றம். அதற்காகக் குடி நின்றதா? ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். ஒளிந்து குடிப்பவர் உதவி கேட்டு வெளியே வர முடியாது. எனக்குக் குடியை நிறுத்த முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அது குற்ற ஒப்புதல் மாதிரி ஆகிவிடும். சந்திரபாபுவின் குடிக்காலம் பெரும்பாலும் இந்த இருட்டில்தான் கழிந்தது.

பாட்டிலுக்கு அடுத்து ஊசி

மதுவோடு பெத்தடினும் சேர்ந்துகொண்டதாக அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பெத்தடின் தெருவில் விற்ற போதைப்பொருள் இல்லை. 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட வலிநிவாரணி. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் போடும் ஊசி. மார்ஃபின் அளவுக்கு அடிமைப்படுத்தாது என்று ஆரம்பத்தில் உலகமே நம்பியது. நம்பிக்கை தப்பு என்று தெரிவதற்குள் பலர் மாட்டிக்கொண்டார்கள். கண்ணதாசனும் தன் மது, பெத்தடின் பழக்கங்களை மறைக்காமல் எழுதியவர்தான்.

மருந்துக்கடையில் கிடைக்கிறது, டாக்டர் எழுதுகிறார், அப்புறம் எப்படி ஆபத்தாகும்? இந்தக் கேள்வி இன்றைக்கும் நம் தெருவில் உயிரோடு இருக்கு. வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி சென்னையில் அடிக்கடி வருகிறது. கஞ்சா மாதிரி வாசம் இல்லை, சாராயம் மாதிரி நாற்றம் இல்லை, வீட்டுக்குத் தெரியாது என்று பசங்க நினைக்கிறாங்க. ஆனால் இந்த வகை மாத்திரைகள் மூச்சை மெதுவாக்கும். மதுவும் மெதுவாக்கும். ரெண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் ஹெச்.ஐ.வி-யும் ஹெபடைட்டிஸ் சி-யும் கூடவே வரும்.

தட்டுங்கள் திறக்கப்படும்

கேசவபெருமாள்புரத்தில் ஒரு பெரிய வீடு கட்டினார் சந்திரபாபு. காரிலேயே மாடிக்குப் போகலாம் என்கிற மாதிரி வடிவமைப்பு. எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தையும் ஆரம்பித்தார். படம் பாதியில் நின்றது. கடன் வளர்ந்தது. வீடு கையை விட்டுப் போனது. எந்தப் பெயரைப் படத்துக்கு வைத்தாரோ, அதுவாகவே ஆனார்.

1966-ல் கடைசியாக ஒரு பெரிய முயற்சி. தானே இயக்கி, தானே கதாநாயகனாக நடித்தார். படத்தின் பெயர், 'தட்டுங்கள் திறக்கப்படும்'. பைபிள் வாசகம். ஜோடி, சாவித்திரி. இன்றைக்கு அந்தக் கூட்டணியை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். ரெண்டு பேரும் உச்சத்தைத் தொட்ட கலைஞர்கள். ரெண்டு பேரையும் குடி தின்றது. சாவித்திரி 1980-ல் கோமாவில் விழுந்து, ஒன்றரை வருஷத்துக்கும் மேலாகக் கிடந்து, 1981 டிசம்பரில் கண்ணை மூடினார்.

படம் ஓடவில்லை. அதன்பிறகு சின்னச் சின்ன வேடங்கள். எம்.ஜி.ஆரின் 'அடிமைப்பெண்' மாதிரி சில படங்களில் தலைகாட்டினார். உடல் ஒத்துழைக்கவில்லை. எம்.எஸ்.விஸ்வநாதன் போன்ற நண்பர்கள் கடைசிவரை கூடவே நின்றார்கள். 1974 மார்ச் 8, எல்லாம் முடிந்தது. சாந்தோம் பக்கம் க்விபிள் ஐலண்ட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

நண்பர்கள் இல்லாமல் அவர் சாகவில்லை. அன்பு இல்லாமலும் சாகவில்லை. திட்டினார்கள், கெஞ்சினார்கள், பணம் கொடுத்தார்கள், சோறு போட்டார்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான். வா, அங்கே போகலாம் என்று கைபிடித்துக் கூட்டிப்போக, தெரிந்த ஓர் இடம்.

கதவு திறந்த வருஷம்

1979-ல் சென்னையின் பிரபலமான டி.டி.கே. தொழில் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன், குடிநோயால் இறந்தார். காசுக்குப் பஞ்சமில்லாத அந்தக் குடும்பத்துக்கே சிகிச்சைக்கு எங்கே போவது என்ற திண்டாட்டம். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-ல் கணவர் பெயரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இன்றும் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

குடியை ஒழுக்கக்கேடு என்று பார்க்காமல் நோய் என்று பார்ப்பது உலக அளவில் முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1935-லேயே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிவிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ல் அதை நோயாகவே ஏற்றது. அந்த வெளிச்சம் ஊரறிய சென்னைக்கு வந்து சேர்ந்தபோது சந்திரபாபு இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மூலக்கொத்தளத்திலிருந்து எங்கே போவது?

பஸ்கூட வேண்டாம். பழைய ஜெயில் ரோட்டிலேயே கிழக்கே நடந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கு. ஓ.பி. சீட்டு வாங்கி, குடியை விட வந்திருக்கேன் என்று சொன்னால் போதும். வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த டாக்டர் அன்றைக்குப் பார்க்கும் முதல் ஆளும் நீங்க இல்லை, கடைசி ஆளும் இல்லை.

அடுத்து கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. கீழ்ப்பாக்கம் என்ற வார்த்தையையே கிண்டலாக்கி வைத்திருக்கோம். சினிமா காமெடிக்கும் அதில் பங்கு உண்டு. அந்தச் சிரிப்புக்குப் பயந்து எத்தனையோ பேர் அந்த வாசலை மிதிக்காமலே இருக்காங்க. உண்மையில் அங்கே போதை மீட்புக்கென்று தனி சிகிச்சை இருக்கு. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களையும் திறந்திருக்கிறது. துறைமுகத்துப் பக்கம் வளர்ந்த நமக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டுமா என்ன?

நேரில் போகத் தயக்கமா? போனை எடுங்க. 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 மனநல ஆலோசனைக்கு. 104 தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை. சாகணும்போல இருக்கு என்று ஒரு நொடி தோன்றினாலும், 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பை 044-24640050 எண்ணில் கூப்பிடலாம். அட்வைஸ் பண்ண மாட்டார்கள். காது கொடுப்பார்கள். ஜெமினி வாசலில் நின்ற அந்த இளைஞனுக்குக் கிடைக்காத காது அது.

போலீஸ் பிடிக்குமோ என்ற பயமா? சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் இருப்பவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி தருகிறது. இதை இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதெல்லாம் மனசுல இருக்கட்டும்

பல வருஷமாகத் தினமும் குடிப்பவர், வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் ரெண்டு, மூணு நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என வரலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டர் கண்காணிப்பில் நிறுத்தினால் மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்துப் பத்திரமாக இறக்குவார்கள்.

அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடி, சொட்டு மருந்து விளம்பரங்களை நம்பாதீங்க. சில மருந்துகள் உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். விட வேண்டியவருக்குத் தெரியாமல் எந்தப் பழக்கமும் விடாது.

தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கா, டாக்டர் வருகிறாரா, குடும்பத்தாரைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்க. அடித்துத் திருத்துவோம் என்று சொல்கிற இடம், சிகிச்சை தருகிற இடம் இல்லை.

ஃப்ரெண்ட் ஒருத்தன் மட்டையாகி, எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறதா? மோர், எலுமிச்சை ஜூஸ் என எதையும் வாயில் ஊற்றாதீங்க. தூங்கினா சரியாகிடும் என்று விட்டுட்டும் போகாதீங்க. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு அடிங்க. வண்டி வரும்வரை பக்கத்திலேயே இருங்க. என்ன சாப்பிட்டான் என்று உண்மையைச் சொல்லுங்க.

கள்ளச்சாராயம் என்றால் இன்னும் அவசரம். 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. நேரத்தோடு போனால் மருந்து இருக்கு. நேரம் போனால் முதலில் கண் போகும், அப்புறம் உயிர்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும். அவர் வர மறுத்தாலும், நீங்க மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம். குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. ஒரே சிகிச்சையில் எல்லோரும் மீள்வதில்லை. மறுபடி விழுந்தால் மறுபடி கூட்டிப் போகலாம். சுகர் ஏறினால் டாக்டரிடம் திரும்பப் போவதில்லையா, அதே மாதிரிதான்.

சந்திரபாபு வாழ்நாள் முழுக்கக் கதவுகளைத் தட்டியவர். ஸ்டூடியோ கதவு, காதல் கதவு, ரசிகர்களின் கதவு. பலதும் திறந்தன. அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த ஒரு கதவு மட்டும் அன்றைக்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூலக்கொத்தளத்தில் நின்று பார்த்தால், ஒரு திசையில் சுடுகாடு. இன்னொரு திசையில் ஸ்டான்லி. உங்க ஃப்ரெண்டுக்கு இன்னிக்கு ராத்திரி உதவி தேவைப்பட்டால், எந்தப் பக்கம் கூட்டிப் போகணும் என்று இப்போ உங்களுக்குத் தெரியும். கூடவே போங்க.